குழுவினர்க்கு ஏற்ற பொது ஏடு

ஒருவன் தனித்துச் செய்யும் தொழிலுக்கு அவன் நினைவே போதிய ஏடாகும். பலர் கூடிச் செய்யும் தொழிலுக்கு அஃது அமையாது. ஒருவர் அறிந்ததைப் பிறர் அறிதற்கும், இன்று செய்ததை நாளை வருவோர் தொடர்தற்கும் பொதுவான ஏடொன்று வேண்டும். முற்காலத்தில் அஃது ஓலைச்சுவடியாக இருந்தது. பின்னர்க் காகிதச் சீட்டாயிற்று. இக்காலத்தில் கணினியுள் அமைந்துள்ளது. பலரும் ஒருங்கே எழுதவும் திருத்தவும் இடந்தருவது விக்கித் தளம். யார் எவ்வேலையை எந்நாளில் முடித்தல் வேண்டும் என்று காட்டுவது பணித்திட்டத் தளம். இவ்விரண்டனுள் எவ்வெவற்றைத் தெரிந்துகொள்வது என்னும் வினா வணிக நிலையத்தார்க்கே உரியது என்று யாம் முன்னர் எண்ணியிருந்தோம். தமிழ் பயிலும் மாணவர்க்கும் அஃது உரியதே என்பதைக் கீழக்கரை எமக்குக் கற்பித்தது. அங்ஙனம் கற்றதனையும், அதனால் எமக்கு உண்டான துணிபினையும் ஈண்டு எடுத்துரைக்கின்றோம்.

கீழக்கரை மன்னார் வளைகுடாவின் ஓரத்தில் அமைந்த பழைய துறைமுகப் பட்டினம். சீதக்காதி வள்ளலின் பெயரால் தமிழ்ப் புலவர் அறிந்த ஊர் அது. அரபுத் தமிழில் பல நூல்கள் இயற்றிய மாப்பிள்ளை லெப்பை ஆலிம் அவர்கள் 19ஆம் நூற்றாண்டில் வாழ்ந்து சிறந்ததும் அவ்வூரிலேயே. முத்தும் சங்கும் குளித்தெடுத்த கடல் அதன் முன்னே கிடக்கின்றது. இத்தகைய ஊரில் அகராதி காணாத சொற்கள் பல வழங்குதல் இயல்பே. கச்சான், கொண்டல், சோழகம், வாடை என்று காற்றுக்குப் பெயர்கள் உள்ளன. வத்தை, வள்ளம் முதலிய கலங்களின் உறுப்புக்களுக்கும், வலையின் கண்களுக்கும், சங்கின் வகைகளுக்கும் தனித்தனிப் பெயர்கள் உள்ளன. இல்லங்களில் வாப்பா, உம்மா, காக்கா, லாத்தா என்னும் முறைப்பெயர்கள் வழங்குகின்றன. இச்சொற்களைத் தொகுத்தல் வேண்டும் என்று எம் துறையில் முன்னே பயின்ற மாணவர் சிலர் தொடங்கினர். அவர்க்குப்பின் யாம் அறுவர் அதனைக் கையேற்றோம். எம்முள் இருவர் அவ்வூரினர். ஆதலின் வீட்டுக்குள் சென்று கேட்கும் உரிமையும் எமக்குக் கிடைத்தது.

முன்னிருந்தோர் சோம்பியிருந்தவர் அல்லர். அழகும் வசதியும் மிக்க ஓர் இணையத் தளத்தில், கட்டணமின்றி, சொற்களை அட்டை அட்டையாகப் பதிந்து வைத்தனர். ஏறத்தாழ 300 சொற்கள் அதில் இருந்தன என்பர். அத்தளத்தின் கணக்கு அவருள் ஒருவர் பெயரால் திறக்கப்பட்டிருந்தது. அவர் மாணவராய் இருந்த காலத்து மின்னஞ்சல் முகவரியே அதற்குத் திறவுகோல். அவர் பட்டம் பெற்று வளைகுடா நாடொன்றிற்கு வேலையாய்ச் சென்றார், அம்முகவரியும் காலாவதியாயிற்று. யாம் கேட்டபோது அவர் பெரிதும் வருந்தினார். திறக்கும் வழி அவரிடமும் இல்லை. எஞ்சியவை குறிப்பேடொன்றில் கிடந்த 60 சொற்களே.

சொற்கள் போயின், மீண்டும் கேட்டு எழுதலாமே என்பார் உளர். எல்லாச் சொற்களையும் அங்ஙனம் மீட்டல் இயலவில்லை. இளமைமுதல் சங்கு குளித்து வாழ்ந்த முதியவர் ஒருவரிடம் நம் மூத்த மாணவர் இரண்டு நாள் இருந்து, கடலடி நிலங்களின் பெயர்களையும் நீரோட்டங்களின் பெயர்களையும் எழுதிக்கொண்டனராம். எழுந்து வரும்போது அவர், "எழுதிக்கொண்டீர்களா, தம்பி? இனி நான் மறந்தாலும் பரவாயில்லை" என்றாராம். யாம் அவ்வூர்க்குச் செல்லுமுன் அவர் காலஞ்சென்றார். அவர் மகனார் தமக்குத் தெரிந்த ஐந்தாறு பெயர்களைச் சொன்னார். "வாப்பாவுக்குத்தான் எல்லாம் தெரியும்" என்று சொல்லி நிறுத்திக்கொண்டார். அவர் நம்மை நம்பி மறந்தார். நாமோ அவர் தந்ததைக் காவாது விட்டோம். ஏட்டைத் தெரிதல் சிறு காரியம் என்று இனி ஒருவரும் எம்மிடம் கூறார்.

இவ்விழப்பிற்குத் தளத்தின்மீதோ மூத்தவர்மீதோ குற்றம் சுமத்துதல் முறையன்று. குற்றம் வினாவில் உள்ளது. "இன்று எமக்கு எது எளிது?" என்று அவர் வினவினர். "நாம் அனைவரும் நீங்கியபின் இஃது யார் கையில் இருக்கும்?" என்று வினவினாரல்லர். வணிக நிலையத்தில் ஒருவர் விலகினும் நிலையம் இருக்கும். கணக்கைக் காப்பதற்குச் சம்பளம் பெறும் அலுவலரும் இருப்பார். மாணவர் குழுவோ மூன்றாண்டில் முழுவதும் மாறிவிடும். நான்காம் ஆண்டில் அதே பெயரோடு நிற்போர் முற்றும் புதியவர். ஆதலின் மாணவர் குழு தனக்கென ஏடு தெரிந்தெடுத்தல் பிழை. தனக்குப்பின் வருவார்க்கென்றே தெரிந்தெடுத்தல் வேண்டும். இதுவே எமது கொள்கை.

இக்கொள்கைக்குச் சான்று தமிழகராதிகளின் வரலாற்றிலேயே உள்ளது. யாழ்ப்பாணத்தில் ஜோசப் நைட் என்னும் பாதிரியார் தமிழ் ஆங்கில அகராதிக்குச் சொற்களைத் திரட்டத் தொடங்கி, அது முற்றுப்பெறுமுன் 1840ஆம் ஆண்டில் இறந்தார். அவர் திரட்டியன அவரோடு மறையவில்லை. பிறர் கைகளில் வளர்ந்து, இறுதியில் மிரோன் வின்சுலோ அவர்களால் 1862ஆம் ஆண்டில் சென்னையில் அச்சேறின. பின்னர், சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதிப் பணி 1913ஆம் ஆண்டில் மதுரை அமெரிக்க மிஷனைச் சார்ந்த சாண்டலர் அவர்களின் தலைமையில் தொடங்கிற்று. அது முற்றுப்பெற்றது 1936ஆம் ஆண்டில், வையாபுரிப் பிள்ளை அவர்கள் பதிப்பாசிரியராய் இருந்தபோது. 1939இல் அனுபந்தமும் வெளிவந்தது. தொடங்கியவர் வேறு, முடித்தவர் வேறு. எனினும் பணி தொடர்ந்தது. காகிதச் சீட்டுக்குக் கடவுச்சொல் இல்லை. அலமாரியைத் திறந்தவர் எவரும் அதனைப் படித்தல் கூடும். அச்சீட்டின் இந்த எளிய குணம் கணினி ஏட்டிலும் உண்டா என்பதே நாம் முதலில் ஆராயத்தக்கது.

நிற்க. விக்கி என்பதும் பணித்திட்டத் தளம் என்பதும் ஒன்றல்ல என்பதை முதற்கண் தெளிதல் வேண்டும். 1995ஆம் ஆண்டில் அமெரிக்கராகிய வார்டு கன்னிங்காம் முதல் விக்கியை இணையத்தில் நிறுவினார். ஹொனலூலு விமான நிலையத்தில் ஓடிய "விக்கி விக்கி" என்னும் வண்டியின் பெயரிலிருந்து அதற்குப் பெயரிட்டார். ஹவாய் மொழியில் அச்சொல்லுக்கு விரைவு என்பது பொருள். படிப்பவரே திருத்தவும் கூடும் என்பதும், ஒவ்வொரு திருத்தமும் காக்கப்படும் என்பதும் இக்காலத்து விக்கிகளின் இயல்பு. பணித்திட்டத் தளத்தின் மரபு வேறு. ஜப்பானில் டொயோட்டா தொழிற்சாலையில் வேலையின் ஓட்டத்தைக் காட்டும் அட்டைகளைக் கன்பான் என்றனர். அம்முறையைத் தழுவி, செய்ய வேண்டியன, செய்யப்பெறுவன, முடிந்தன என்று மூன்று பத்திகளில் அட்டைகளை நகர்த்தும் பலகைகள் கணினியில் தோன்றின. 2011ஆம் ஆண்டில் வெளிவந்த டிரெல்லோ அத்தகையது. பணிப்பலகையில் உள்ளது வேலை முடிந்தவுடன் பயனற்றதாகும். விக்கியில் உள்ளதோ வேலை முடிந்தபின்னரே பயன்தரத் தொடங்கும். நம் மூத்தவர் செய்த பிழை, காக்க வேண்டிய சொற்களை நகர்த்தி நீக்கும் அட்டைகளில் எழுதியதாகும்.

இனி, விக்கியைத் தெரிதற்கு யாம் கொண்ட அளவைகளைக் கூறுவோம்.

முதலாவது, வெளியேறும் வாயில். எழுதியவை அனைத்தையும் ஒரே முறையில் பிரதியெடுத்து வேறிடம் கொண்டுசெல்ல இயலுமா? எத்துணை நல்ல நிறுவனமும் என்றும் நிலைத்திருக்கும் என்று கூறுதற்கில்லை. ஜியோசிட்டீஸ் என்னும் தளத்தில் எண்ணிறந்தோர் தம் பக்கங்களை அமைத்திருந்தனர். அமெரிக்காவில் அதனை 2009ஆம் ஆண்டில் மூடினர். ஆசிரியரும் மாணவரும் பெரிதும் பயன்படுத்திய விக்கிஸ்பேசஸ் 2005இல் தோன்றி, 2018இல் தன் வகுப்பறை விக்கிகளை நிறுத்திற்று. முன்னரே பிரதியெடுத்தவர் தப்பினர், ஏனையோர் இழந்தனர். வாயில் இல்லாத மாளிகையில் குடிபுகுதல் அறிவுடைமை ஆகாது.

இரண்டாவது, உரிமை பலர்க்கு உரியதாதல். ஒருவர் கையில் மட்டும் திறவுகோல் இருத்தல் கூடாது. மாணவர் இருவர், பேராசிரியர் ஒருவர், நூலகர் ஒருவர் என நால்வர்க்கேனும் முழு அதிகாரம் இருத்தல் வேண்டும். அவருள் இருவர் கல்லூரியை விட்டு எளிதில் நீங்காதவராதல் நன்று.

மூன்றாவது, தமிழெழுத்தின் ஒழுங்கு. இதனைப் பலர் நினைப்பதில்லை. கணினியில் தமிழெழுத்துக்களுக்கு யூனிகோடு முறையில் எண்கள் தரப்பட்டுள்ளன. அவ்வெண் வரிசை நம் நெடுங்கணக்கு வரிசை அன்று. அதில் னகரம் நகரத்தை அடுத்து நிற்கின்றது. றகரம் லகரத்தை முந்துகின்றது. புள்ளியிட்ட மெய் தன் உயிர்மெய்கள் அனைத்திற்கும் பின்னே செல்கின்றது. ஆகவே எண் வரிசையையே பின்பற்றும் தளத்தில் கறி முன்னும் கலம் பின்னும் வரும். சொற்றொகுதி செய்வார்க்கு இஃது பொறுக்கத்தக்க குறை அன்று. யாம் ஆராய்ந்த தளங்கள் ஒவ்வொன்றிலும் இவ்விரு சொற்களையும் இட்டுப் பார்த்தோம். பல தளங்கள் இவ்வொரு தேர்விலேயே தவறின. அன்றியும், அரபுத் தமிழ்ச் சொற்களை வலமிருந்து இடமாகவும், அவற்றின் விளக்கத்தை இடமிருந்து வலமாகவும் ஒரே பக்கத்தில் குழப்பமின்றி எழுத இயலுமா என்பதும் கீழக்கரைத் தொகுதிக்கு இன்றியமையாத வினா.

நான்காவது, கருத்து வேற்றுமைக்கு இடம். எம்முள் ஒருவர் தென்காற்றைச் சோழகம் என்று எழுதினார். மற்றொருவர் தம் வீட்டில் கேட்டபடி சோளகம் என்றார். அட்டையாயின் இரண்டு அட்டைகள் உண்டாகும். அல்லது பின்வந்தவர் முன்னவர் எழுதியதை அழிப்பர். நல்ல விக்கியில் ஒன்று தலைச்சொல்லாக நிற்கும். மற்றொன்றைத் தேடுவாரும் அதே பக்கத்திற்கு வழிமாற்றப்படுவர். ஏன் அங்ஙனம் துணிந்தனர் என்பது உரையாடற் பக்கத்தில் இருக்கும்; யார் எப்போது மாற்றினர் என்பது வரலாற்றுப் பக்கத்தில் இருக்கும். பாட வேறுபாடுகளை அடிக்குறிப்பில் காத்த பதிப்பாசிரியர்களின் மரபும் இதுவே.

ஐந்தாவது, குழுவில் எளிய கருவியுடையார்க்கும் பயன்படுதல். எம்முள் மடிக்கணினி உடையார் இருவரே. மற்றையோர்க்குக் கைப்பேசியே கருவி. கடற்கரையில் இணைப்பும் தளரும். ஆதலின் மெல்லிய இணைப்பில் திறவாத தளம் எத்துணை அழகுடையதாயினும் எமக்கு வேண்டா.

இவ்வளவைகளால் நோக்கியபின், விக்கிப்பீடியாவை இயக்கும் மீடியாவிக்கி என்னும் மென்பொருளே எமக்கு ஏற்றது என்று துணிந்தோம். அது பொது உரிமத்தில் விலையின்றி வழங்கப்படுவது. இயற்றியவர் கைவிடினும் பிறர் அதனைத் தொடர்ந்து காத்தற்கு அவ்வுரிமம் இடந்தருகின்றது. பக்கங்களையும் அவற்றின் வரலாற்றையும் ஒருங்கே பிரதியெடுக்கலாம். அதன் பொத்தான்களும் அறிவிப்புக்களும் தமிழில் கிடைக்கின்றன. அகர வரிசையும் முதலில் தவறாகவே நின்றது. ஆயினும், தமிழ் முறைக்கு மாற்ற அமைப்புக் கோப்பில் ஒரு வரி போதியதாயிற்று. கலம் கறிக்கு முன் வந்து நின்றது. 2003ஆம் ஆண்டில் தொடங்கி, 2017இல் ஒரு லட்சம் கட்டுரைகளைக் கடந்த தமிழ் விக்கிப்பீடியா இதன்மேல் இயங்குவது. ஆதலின் தமிழை அது தாங்குமா என்னும் ஐயத்திற்கு இடமில்லை. எம் ஏட்டில் எழுதிப் பழகியவர் அங்கும் சென்று எழுதவல்லராவர் என்பது மேலும் ஒரு பயன்.

இதற்கு மறுப்புக்கள் உண்டு. அவை எளியன அல்ல. எம் குழுவினருள் ஒருவர் கூறியவாறே அவற்றைத் தருகின்றோம். "நோஷன் போன்ற தளங்களில் பக்கமும் அட்டவணையும் பணிப்பலகையும் ஒரே இடத்தில் உள்ளன, இன்றே தொடங்கலாம், எழுதியதைக் கோப்புக்களாக எடுத்துக்கொள்ளவும் இயலும். மீடியாவிக்கியை நிறுவுதற்குச் சேவையகம் வேண்டும், தரவுத்தளம் வேண்டும், காலந்தோறும் புதுப்பித்தல் வேண்டும். தமிழ் மாணவராகிய நாம் அதனைச் செய்யாது விடின், மூத்தவர் இழந்ததைவிட விரைவில் இழப்போம்." இது நேர்மையான மறுப்பு. நிலையான அலுவலரும் பொருளும் உடைய குழுவிற்கு அத்தகைய தளமே தக்கது என்பதை யாம் மறுக்கின்றிலோம். ஆயினும் கட்டணமின்றிக் கிடைக்கும் பல தளங்களில் பழைய திருத்தங்கள் சில நாளளவே காக்கப்படுகின்றன. எமக்கோ திருத்தத்தின் வரலாறே பாதிப் பயன். புதுப்பித்தலின் சுமை உண்மையே. அதனைத் தாங்குதற்குத் துறையும் நூலகமும் துணைநின்றாலன்றி எம் தெரிவு பிழையாகும். மென்பொருளைத் தெரிதலினும் காவலரைத் தெரிதல் பெரிது என்பதை அந்நண்பரே எமக்கு உணர்த்தினார். அவரையே முதற் காவலராக்கினோம்.

வேறொருவர், "தமிழ் விக்சனரி 2004ஆம் ஆண்டிலிருந்தே உள்ளதே, அதிலேயே எழுதிவிட்டால் என்ன?" என்றார். முடிந்த சொற்களை அங்கே சேர்த்தல் எம் கடமை என்றே கொண்டுள்ளோம். ஆயினும், கேட்டவாறே எழுதிய குறிப்பும், ஐயமும், முதியவர் குரற்பதிவும், எமக்குள் நிகழும் வாதமும் உலகப் பொது அகராதிக்கு உரியன அல்ல. அவை பண்படும் களம் வேறாக இருத்தல் வேண்டும்.

இன்னுமோர் எச்சரிக்கை. மீடியாவிக்கி மறைவிற்கு ஏற்ற கருவி அன்று. சிலர்க்கு மட்டும் சில பக்கங்களைக் காட்டுதல் அதன் நோக்கத்தில் இல்லை. ஆதலின், சொல் தந்தவர் வெளியிட வேண்டாம் என்றவற்றையும், அவர் இசைவுக் கையெழுத்துக்களையும், முகவரிகளையும் யாம் அதில் இடுவதில்லை. அவை துறை அலமாரியில் காகிதத்திலேயே உள்ளன. எல்லாவற்றையும் ஓரிடத்தில் வைத்தலே ஒழுங்கு என்பது தவறான எண்ணம். ஒவ்வொன்றையும் அதற்குரிய இடத்தில் வைத்தலே ஒழுங்கு.

பணிப்பலகையைப் பற்றிக் கேட்பின், வாசகர் நகைக்கவுங்கூடும். எங்கள் துறையறைச் சுவரில் ஓர் அட்டையைத் தொங்கவிட்டு, மூன்று பத்திகள் கீறி, சிறு தாள்களை ஊசியால் குத்தி வைத்துள்ளோம். அறுவர் நாள்தோறும் காணும் அறையில் அதுவே போதுமானது. ஊருக்குச் சென்றிருக்குங்கால் பார்த்தற்பொருட்டு அதன் படமொன்றை வாரந்தோறும் பகிர்கின்றோம். குழு பெருகினால் கணினிப் பலகைக்கு மாறுவோம். மாறுதலால் இழப்பதற்கு அதில் யாதொன்றும் இல்லை.

இப்போது எம் ஏட்டில் 140 சொற்கள் உள்ளன. மாதத்தின் முதற் சனிக்கிழமையில் அனைத்தையும் பிரதியெடுத்து, ஒரு வன்தட்டை நூலகத்திலும் மற்றொன்றைத் துறையிலும் வைக்கின்றோம். வைத்தலோடு அமையாமல், ஆறு திங்களுக்கொரு முறை அப்பிரதியிலிருந்து வேறொரு கணினியில் ஏட்டை மீண்டும் எழுப்பிப் பார்ப்பது என்றும் விதித்துள்ளோம். திறந்து பாராத பிரதியைப் பிரதி என்று நம்புதல் கூடாது. முதல் முறை முயன்றபோது பக்கங்கள் வந்தன, குரற்பதிவுகள் வரவில்லை. அவை வேறு கோப்புறையில் இருந்தன என்பதை அன்றே அறிந்தோம். அடுத்த மாதம் அதனையும் சேர்த்தோம்.

கல்லூரி அன்பர்காள்! இதழாசிரியர் குழு, விடுதி மன்றம், நாடகக் கழகம், மாணவர் சங்கம் என நம்மிடையே பல குழுக்கள் உள்ளன. ஒவ்வொன்றும் ஆண்டுதோறும் புதிதாய்ப் பிறந்து, முன்னோர் அறிந்ததை மீண்டும் முதலிலிருந்து கற்கின்றது. உங்கள் குழுவின் ஏடு எங்கே உள்ளது? அதன் திறவுகோல் எத்துணைப் பேர் கையில் உள்ளது? பட்டமளிப்பு விழாவிற்கு முன்னர் இவ்விரண்டு வினாக்களையும் கேட்டு விடை காணுங்கள். கணினித் துறையில் வல்ல பழைய மாணவர் எவரேனும் ஆண்டிற்கு இருமுறை எம் ஏட்டைப் புதுப்பித்துத் தர முன்வரின், நன்றியுடன் ஏற்போம்.

அடுத்த ஆண்டு யாம் இறுதி வகுப்பிற்குச் செல்வோம். அதற்கடுத்த ஆண்டு இங்கே இரோம். அம்முதியவரின் மகனார் சொன்ன ஐந்தாறு பெயர்களை அவர் பெயரோடும் அவர் தந்தையார் பெயரோடும் எழுதி வைத்துள்ளோம். தெரியாத பெயர்களுக்கு வெற்றிடம் விட்டுள்ளோம். கீழக்கரையிலோ பெரியபட்டினத்திலோ அவரோடு கடலுக்குச் சென்ற வேறு ஒருவரைப் பின்வரும் மாணவர் ஒருவர் கண்டு கேட்டல் கூடும். அவர் வந்து எழுதும்போது அப்பக்கம் திறந்திருத்தல் வேண்டும் என்பதே எம் விருப்பம்.